சிற்றம்பலம் இரண்டாம் முறை வளர்ந்த வருடம்

வெள்ளியங்கரை கடைவீதியில் பித்தளைப் பாத்திரக்கடை வைத்திருந்த சிற்றம்பலம், தன்னுடைய ஐம்பத்தாறாவது வயதில், ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமாகப் போடும் தூக்கத்தின் நடுவே கைக்குழந்தையாகிப் போனார் என்றால், அதற்கு அவருடைய மனைவி அங்கயற்கண்ணி எம்.எஸ்ஸி. படிக்கச் சேர்ந்ததுதான் காரணம் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அங்கயற்கண்ணிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஒரே மகள் செந்தாமரை கல்யாணமாகிப் புனேவுக்குப் போன பிறகு, வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் போக, ஜூன் மாதம் ஒரு நாள் ஊர்க்கோடியில் இருக்கும் மகளிர் பல்கலைக்கழகத்துக்கு டவுன் பஸ்ஸில் போய், கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய மனையியல் பட்டத்தைக் காட்டி, குடும்ப வாழ்வியல், மனித வளர்ச்சித் துறையில் இடம் வாங்கிக்கொண்டு திரும்பினாள். விஷயத்தைக் கேட்ட சிற்றம்பலம் சாம்பார் கரண்டியைக் கீழே வைக்காமலே சிரித்தார்.

"குடும்பம் நடத்த யுனிவர்சிட்டியில கிளாஸ் எடுக்கறாங்களா? இருபத்தெட்டு வருஷமா நீ நடத்தினது என்னவாம்?"

"அதுக்குப் பேரெல்லாம் இருக்குதாம். அதைத் தெரிஞ்சுக்கப் போறேன்," என்றாள் அவள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் செமஸ்டர் கிடையாது. வருடத்துக்கு ஒரே பரீட்சை, சித்திரையில். முதல் வருடத்தின் பெரிய பேப்பர் மனிதனின் முழு ஆயுளையும் ஒன்பது பாடங்களில் சொல்லி முடித்தது. முதல் பாடம் கருப்பையில் இருக்கும் ஒன்பது மாதங்கள். அதை அவள் படித்த வாரம் சிற்றம்பலம் கையையும் காலையும் மடக்கிக்கொண்டு தூங்கியபடியே இருந்தார். மழைக்காலம் வருகிறது, உடம்பு அசதி என்று அவரே சொல்லிக்கொண்டார். இரண்டாவது பாடம் கைக்குழந்தை. வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அதன் கடைசிப் பக்கத்தை அவள் கோடு போட்டுப் படித்து முடித்தபோது அறையிலிருந்து வந்த குறட்டை நின்றது, சற்று நேரம் ஒன்றும் இல்லாமல் இருந்தது, பிறகு வீல் என்று ஒரு அழுகை கேட்டது. போய்ப் பார்த்தாள். எட்டு முழ வேட்டியின் நடுவில், சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியோடு, மூன்று மாதக் குழந்தையாக அவர் கிடந்தார். இடது காதுக்குக் கீழே அவருடைய அதே மச்சம் இருந்தது. அங்கயற்கண்ணி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டு, குழந்தையின் உள்ளங்காலை விரலால் தடவிப் பார்த்தாள். கால்விரல்கள் விசிறிபோல விரிந்தன. புத்தகம் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

பக்கத்து வீட்டு மெஹர்பானு ஐந்து பிள்ளை பெற்றவள். அவள் வந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் வரவைத்த பிறகுதான் பேச ஆரம்பித்தாள். "நடுவயசுப் பாடம்னு ஒண்ணு இருக்கும்ல, அதைப் படிச்சுடு கண்ணி. ஆள் பழையபடி ஆயிடுவார்."

அங்கயற்கண்ணி படித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை கொட்டாவி விட்டது. மறுநாள் துறைத்தலைவர் டாக்டர் ஹெலன் ஜெபமணியிடம் போய்ச் சொன்னபோது அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ரெண்டாவது பாடத்திலேருந்து ஏழாவது பாடத்துக்குத் தாவினா எப்படிம்மா மண்டையில ஏறும்? வரிசையாப் படிங்க. புரிஞ்சு படிங்க. அப்புறம், குழந்தையை வாரம் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. நம்ம பொண்ணுங்களுக்குப் பிராக்டிகல் இருக்கு."

அப்படித்தான் வெள்ளியங்கரை அதை எடுத்துக்கொண்டது. முதல் வாரம் வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் கூட்டம் வந்தது, இரண்டாம் வாரம் பழைய தொட்டில்களும் கிலுகிலுப்பைகளும் வந்தன, மூன்றாம் வாரம் ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அதற்குள் பழகிப்போயிருந்தது. முப்பது வருடமாகக் கடையில் வேலை பார்த்த கோதண்டம் தினமும் காலையில் வந்து முதலாளியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய், பெரிய பித்தளை அண்டாவுக்குள் மெத்தை போட்டுக் கிடத்தி, "குடம் ரெண்டு டஜன் போடச் சொல்லிரலாமா முதலாளி?" என்று கேட்டு, குழந்தை காலை உதைத்தால் சரி என்றும், மூக்கைச் சுருக்கினால் வேண்டாம் என்றும் எடுத்துக்கொண்டு வியாபாரத்தை நடத்தினார். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்க வந்தவர்கள் அந்தக் குழந்தையின் கைபட்ட குத்துவிளக்குதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். மூன்றாவது பாடமான மழலைப் பருவத்தை அவள் படித்து முடித்த ஆவணியில் அவர் நான்கு வயதானார். பாத்திர வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் என்ற முறையில் அந்த வருடப் பொதுக்கூட்டத்துக்கும் தலைமை வகித்தார். தலைவருக்கு ஒன்றுக்கு வந்துவிட்டதால் கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்தது. சங்கத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு சண்டையில்லாமல் ஒரு கூட்டம் முடிந்ததில்லை என்று செயலாளர் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார்.

வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பெண்களும் தங்களுடைய ரெக்கார்டு நோட்டில் அவரைப் பற்றியே எழுதினார்கள். முப்பது வருடம் கூடவே இருந்து பார்க்க வேண்டியதை ஒரே வருடத்தில் பார்த்துவிடலாம் என்பதில் ஹெலன் ஜெபமணிக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு சிற்றம்பலம் போதாதே, இன்னும் ஒரு இருபத்தொன்பது பேர் இதுபோலக் கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று பெருமூச்சு விட்டார். வகுப்பில் கல்யாணமான மற்ற நான்கு பெண்களின் கணவர்களும் அந்த வருடம் முழுக்க மனைவிமார் படிக்கும்போது தூங்காமல் விழித்துக்கொண்டே இருந்தார்கள்.

தீபாவளிக்கு அவர் எட்டு வயதுப் பையனாக இருந்தார். ஒவ்வொரு வயதிலும் அந்த வயது வரை தெரிந்ததுதான் அவருக்குத் தெரிந்தது, அதனால் நான்கு வயதில் அவளை அத்தை என்று கூப்பிட்டவர் எட்டு வயதில் டீச்சர் என்று கூப்பிட்டார். வீட்டில் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கும் பொம்பளை வேறு யாராக இருக்க முடியும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஒரு நாள் அவள் சமையலறையிலிருந்து வந்தபோது பையன் பென்சிலை அவசரமாக ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, சுவரோடு ஒட்டி உட்கார்ந்தான்.

"ஏன்டா கண்ணு, எந்தக் கையில எழுதிட்டிருந்தே?"

"இந்தக் கையிலதான் டீச்சர்." வலது கையைக் காட்டினான்.

"பொய் சொல்லாதே."

அவன் கண்ணில் நீர் தளும்பியது. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். கையைத் துணி போட்டுக் கட்டிடுவார்."

இருபத்தெட்டு வருடம் அந்த மனிதருக்குச் சோறு போட்டவள், அவர் ஆணி அடிக்கும்போதும் பொட்டலம் கட்டும்போதும் முதலில் இடது கை நீண்டு, பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோலப் பின்வாங்குவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டதில்லை. அவள் பென்சிலை எடுத்து அவன் இடது கையில் வைத்து விரல்களை மூடினாள். "இங்க யாரும் அடிக்க மாட்டாங்க. எழுது." அவன் எழுதினான். நோட்டு தீரும்வரை எழுதினான், செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினான், கடைக்குப் போய் அட்டைப்பெட்டிகளின் மேலெல்லாம் எழுதினான். அடுத்த பாடத்தைத் தொடங்க வேண்டிய நாள் தாண்டி மூன்று வாரம் ஆனது. அவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஹெலன் ஜெபமணி இரண்டு தடவை சொல்லியனுப்பினார். கடைசியில் ஒரு சனிக்கிழமை, பையன் வாசலில் மெஹர்பானுவின் பேத்தியோடு பம்பரம் விட்டுக்கொண்டிருந்தபோது, அவனை நன்றாக ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் விடலைப் பருவத்தைப் படிக்க ஆரம்பித்தாள். முடித்துவிட்டு எழுந்து போனபோது வாசலில் பம்பரம் மட்டும் கிடந்தது. அறைக்கதவு உள்ளே தாழ்போட்டிருந்தது.

பதினைந்து வயதுச் சிற்றம்பலம் கதவைத் திறக்க எட்டு நாள் ஆனது. புனேவிலிருந்து வீடியோவில் பேசிய செந்தாமரை சிரித்துச் சிரித்து இருமினாள். "கதவைத் தாழ்போட்டா உடைச்சிருவேன்னு என்னைச் சொன்ன ஆள்தானேம்மா இவர்! அவர்கிட்ட போனைக் குடு, நான் பேசறேன்." கொடுத்ததும் அவர் பேசவில்லை, போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய் மறுபடி தாழ்போட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத்தான் போன் திரும்பி வந்தது.

ஆறாவது பாடம் இளமை. அதைப் படித்த மாசி மாதத்தில்தான் அது நடந்தது.

அவர் இருபத்தேழு வயதில், அடர்ந்த மீசையும் முழங்கைக்கு மேல் மடித்த சட்டைக் கையுமாக, கூச்சத்தோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். அந்த வயதின் சிற்றம்பலத்தை அவள் ஒரே ஒரு நாள், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு, காபி டம்ளருக்கு மேலாகப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு முகம் சிவந்தது. அவருக்கோ எதிரே இருப்பது யாரோ ஒரு நரைத்த அம்மாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமாக்கா?" என்றார். "போன ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போயிருந்தோம். பொண்ணு நல்லா இருக்கு. ஆனா மனசுக்கு என்னவோ மாதிரி இருக்கு."

"ஏன்?"

"அந்தப் பொண்ணு மேல படிக்கணும்னு அப்ளிகேஷன் பாரம் வாங்கி வெச்சிருந்துதாம். அவங்க அம்மா சொன்னாங்க. எங்கப்பா உடனே, பாத்திரம் விளக்கறதுக்கு எதுக்குங்க எம்.எஸ்ஸி.ன்னு கேட்டுட்டார். எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "நானும் சிரிச்சேன்கா."

"ஏன் சிரிச்சீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்களே."

அங்கயற்கண்ணி எழுந்து சமையலறைக்குப் போனாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது; யார் யார் சிரித்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல முடியும், மாமனார், மாமனாரின் தம்பி, தரகர், தன்னுடைய சொந்தச் சித்தப்பா. மாப்பிள்ளையின் குரல் அதில் இருந்ததா என்று மட்டும் தெரியாது. இருந்திருக்காது என்று இருபத்தெட்டு வருடமாக அவளாகவே முடிவு கட்டி வைத்திருந்தாள். அந்த முடிவின் மேல்தான் சாம்பாரும் ரசமும் பிள்ளைப்பேறும் மாமியாரின் பக்கவாதமும் எல்லாமும் நின்றுகொண்டிருந்தன.

அதற்கப்புறம் பத்தொன்பது நாள் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. படித்தால் அவர் பெரியவராகிவிடுவார், பெரியவரானால் கேட்டுவிட வேண்டியிருக்கும். ஊருக்கு அந்தப் பத்தொன்பது நாளும் திருவிழாவாக இருந்தது. பாத்திரக்கடையில் பெண்கள் கூட்டம் கூடியது. வெளியூர்த் தரகர் ஒருவர் விவரம் தெரியாமல் மூன்று ஜாதகம் கொண்டுவந்து அங்கயற்கண்ணியிடமே கொடுத்து, "தம்பிக்கு நீங்கதான் பெரியவங்க போல, பாத்துச் சொல்லுங்கம்மா," என்றார். அவள் மூன்றையும் பொறுமையாகப் பார்த்து, "இந்தத் தம்பிக்கு யாரைக் கட்டினாலும் அந்தப் பொண்ணு நாற்பத்தொன்பது வயசுலதான் படிக்கும்," என்று திருப்பிக் கொடுத்தாள்.

இருபதாவது நாள் காலையில் அவர் அவளிடம் வந்து நின்றார். "யோசிச்சுப் பாத்தேன்கா. அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய், நீங்க படிங்க, நான் அப்பாகிட்ட பேசிக்கறேன்னு சொல்லிடவா?"

"போய்ச் சொல்லுங்க," என்றாள் அவள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருமுனைவரை வேகமாகப் போனார், முனையில் நின்றார், தலையைச் சொறிந்தார், திரும்பி வந்தார். "அப்பா கடையில இருப்பார்கா. அந்த வழியாத்தானே போகணும்." அவருடைய அப்பா இறந்து இருபத்தொரு வருடம் ஆகியிருந்தது. அங்கயற்கண்ணிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்து, நடுவயது என்ற ஏழாவது பாடத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தாள்.

ஐம்பத்தாறு வயதுச் சிற்றம்பலம் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை; இடைப்பட்ட மாதங்களைப் பற்றிக் கோதண்டமும் மெஹர்பானுவும் சொல்லச் சொல்லத்தான் தெரிந்துகொண்டு, அண்டா விவரம் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டார். எல்லாரும் போகும்வரை அங்கயற்கண்ணி காத்திருந்தாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு உங்கப்பா ஒண்ணு சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"ஆமா," என்றார்.

மூன்று நாள் தட்டு வைக்கும் சத்தமும் தட்டு எடுக்கும் சத்தமும் மட்டும் அந்த வீட்டில் கேட்டன.

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. மீதி இரண்டு பாடம். எட்டாவது முதுமை, ஒன்பதாவது மரணமும் துக்கமும். ஒன்பதாவதிலிருந்து பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்று கட்டாயம் வரும். அவள் இந்தப் பேப்பரை எழுதப் போவதில்லை என்று துறையில் சொல்லிவிட்டாள். ஹெலன் ஜெபமணி பாடத்திட்டக் குழுவைக் கூட்டினார். ஒரு மாணவியின் கணவர் இறந்துபோக வாய்ப்பிருக்கிறது என்ற காரணத்துக்காக ஒன்பதாவது பாடத்தை நீக்கலாமா என்று ஒன்பது பேராசிரியர்கள் இரண்டரை மணி நேரம் விவாதித்து, மூன்று தடவை தேநீர் குடித்து, வருடத்தின் நடுவில் பாடத்திட்டத்தை மாற்ற விதியில் இடமில்லை என்றும், ஆனால் இந்தக் குழு மாணவிக்குத் தன் ஆழ்ந்த அனுதாபத்தை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறது என்றும் தீர்மானம் நிறைவேற்றியது.

அந்தத் தீர்மானத்தின் நகலைப் படித்துப் பார்த்துவிட்டு, மூன்று நாளாகப் பேசாத சிற்றம்பலம் பேசினார்.

"படி."

"படிக்க மாட்டேன். உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். படி. அன்னிக்கு இதைச் சொல்லியிருக்கணும், சொல்லல. இன்னிக்குச் சொல்றேன். எங்கப்பா கடையிலயும் இல்லை, எங்கயும் இல்லை. நீ படி."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அங்கயற்கண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு எட்டாவது பாடத்தைப் பிரித்து, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துப் பார்த்துப் படித்தாள். முடி வெளுத்தது. தோள் இறங்கியது. பற்கள் போய்க் கன்னம் உள்ளே விழுந்தது. கடைசி வரியில் எண்பத்தைந்து வயதான ஒரு கிழவர், அவ்வளவு பெரிய நாற்காலியில் பாதிகூட நிறையாமல், அவளைப் பார்த்து எல்லா ஈறும் தெரியச் சிரித்தார்.

"கயலு," என்றார். அந்தப் பெயரில் அவளை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

எண்பத்தைந்து வரைக்கும் நடந்ததெல்லாம் இந்த மனிதருக்குத் தெரியும் என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. கேட்க ஆயிரம் இருந்தது. பாஸாகிவிட்டேனா, செந்தாமரைக்கு என்ன பிள்ளை என்றெல்லாம் வாய்வரை வந்தவை அப்படியே நிற்க, அவள் கேட்டது வேறு. "நான் இருக்கேனாங்க? உங்களுக்கு எண்பத்தஞ்சு ஆகறப்ப, நான் இருக்கேனா?"

அவர் யோசித்தார். "இப்பத்தானே மோர் குடுத்துட்டு உள்ள போனே?"

அது வரப்போகும் வருடங்களின் செய்தியா, வயதானவரின் குழப்பமா என்று எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. அவர் கையை நீட்டி, இடது கையை, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது கயலு. எத்தனையோ தடவை உன்கிட்ட சொல்லிட்டேன். இன்னும் ஒரு தடவை சொல்லிக்கறேன்."

அங்கயற்கண்ணி புத்தகத்தை மூடினாள். ஒன்பதாவது பாடத்தை அவள் திறக்கவில்லை.

பரீட்சையன்று காலை கிழவரை மெஹர்பானுவிடம் ஒப்படைத்துவிட்டு, இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். கட்டாயக் கேள்வி எதிர்பார்த்தபடியே வந்திருந்தது: ஒருவரின் இழப்பு குடும்பத்தினரிடம் ஏற்படுத்தும் துக்கத்தை விளக்குக. அரை மணி நேரம் பேனாவை மூடி வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். இந்த வருடம் எனக்கு ஆறு பேர் போய்விட்டார்கள் என்று ஆரம்பித்தாள். அண்டாவுக்குள் காலை உதைத்த ஒருவன், என்னை அத்தை என்று கூப்பிட்ட ஒருவன், இடது கையால் எழுதிக்கொண்டே இருந்த ஒருவன், கதவைத் தாழ்போட்டுக்கொண்ட ஒருவன், தெருமுனைவரை போய்த் திரும்பி வந்த ஒருவர், ஆமா என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்ட ஒருவர். யாருக்கும் பாடை கட்டவில்லை, யாருக்காகவும் யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் போன இடத்தில் அடுத்தவர் வந்து உட்கார்ந்துகொண்டு சோறு கேட்டார். நான் பரிமாறினேன். எல்லா வீட்டிலும் இப்படித்தான் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், மெதுவாகப் போவதால் நமக்குத் தெரிவதில்லை. இப்படி நான்கு பக்கம் எழுதி, நூல் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் ஐம்பத்தாறு வயதுச் சிற்றம்பலம் பால் இட்லிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யார் எனக்குக் கொடுத்தது என்று மெஹர்பானுவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அங்கயற்கண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல என்ன ஆச்சரியம்?" என்றாள் மெஹர்பானு. "பரீட்சை எழுதி முடிச்சா படிச்சதெல்லாம் மண்டையை விட்டுப் போயிடும்ல? என் பிள்ளைங்க அஞ்சும் அப்படித்தான்."

ஆனி மாதம் முடிவு வந்தது. பதினைந்துக்கு ஒன்பது. கருத்து நன்று, மேற்கோள் நூல்கள் குறிப்பிடப்படவில்லை என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்ததாக ஹெலன் ஜெபமணி சொன்னார். பாஸாவதற்கு அது போதும். இரண்டாம் வருடப் பாடங்கள் எல்லாம் புள்ளியியலும் உணவுக்கலையும்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு நான்கு கணவர்களும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சிற்றம்பலம் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதில் அவருடைய உயரம், எடை, பல் முளைத்த தேதி, அழுத நேரம் எல்லாம் இருந்தன.

"இவ்வளவு பேரையும் பாத்துட்டே," என்றார், அவளைப் பார்க்காமல். "இதுல உனக்கு யாரை ரொம்பப் பிடிச்சுது?"

அங்கயற்கண்ணி நோட்டை வாங்கி மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் வர இன்னும் இருபத்தொன்பது வருஷம் இருக்கு," என்றாள். "வரட்டும். நான் இருக்கேன்."